பொழுது எப்படிப் போகுது?

ரிட்டயர் ஆன எவரையும் விட்டுவைக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 'பொழுது எப்படிப் போகுது?' கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். பாங்க் கியூவில் முன்னால் நிற்பவர் திரும்பிக் கேட்பார். நீங்களே யாரையாவது கேட்டிருப்பீர்கள். கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அதற்குள் சின்னதாக ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'உன் வேலை முடிஞ்சு போச்சு. இனிமே உன்கிட்ட இருக்கறதெல்லாம் வெறும் பொழுதுதான். அதை எப்படியாவது தள்ளணும், என்ன பண்றே?'

2010ல் இந்தக் கேள்வி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் ஒரு பாட்டியிடம் தபாலில் போய்ச் சேர்ந்தது. அனுப்பியது சாதாரண இடமில்லை, ஹார்வர்ட் பல்கலைக்கழகம். 1951ல் படித்து முடித்தவர்களின் அறுபதாம் ஆண்டு சந்திப்பு வரப்போகிறது, அதற்காக ஒரு படிவம். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, கீழே டிக் அடிக்க ஒரு பட்டியல். கோல்ஃப், ஷாப்பிங், டி.வி., சீட்டாட்டம். நடுவில் 'படைப்பு முயற்சிகள்' என்று ஓர் அயிட்டம், அதற்குள் ஓவியம், போட்டோகிராஃபி, எழுத்து எல்லாம் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருந்தது.

பாட்டிக்கு அப்போது எண்பது. இன்னும் சில நாளில் எண்பத்தொன்று. பெயர் உர்சுலா லெ குவின். 'எர்த்ஸீ' என்ற மாயத் தீவுக்கூட்டத்தை உருவாக்கியவர். மந்திரவாதிகளுக்கான பள்ளிக்கூடத்தை 1968லேயே தன் நாவலில் கட்டி முடித்தவர். (ஆமாம், ஹாரி பாட்டர் பிறப்பதற்கு 29 வருஷம் முன்னால்.) அவர் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு யோசித்தார். கோல்ஃபுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த 'எழுத்து'தானே நான் வாழ்நாளெல்லாம் செய்த வேலை? அப்படியானால் எனக்கு ஓய்வு நேரம் எது? தூங்குவது, பகல்கனவு காண்பது, சமைப்பது, கடிதம் எழுதுவது, வெர்ஜிலைப் படிப்பது, இதில் எதை உபரி என்று ஒதுக்குவது? கடைசியில் அவர் கண்டுபிடித்த பதில், தன்னிடம் உபரியாக ஒரு நிமிஷம்கூட இல்லை என்பது. அதையே ஒரு கட்டுரையாக்கினார். அதுதான் பிறகு 2017ல் வந்த 'நோ டைம் டு ஸ்பேர்' என்ற புத்தகத்தின் தலைப்புக்குக் காரணம்.

இவரைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வாசகர் கடிதங்களில் மூன்றில் ஒன்றாவது, 'எத்தனை மணிக்கு எழுதுகிறீர்கள், பேனாவா கம்ப்யூட்டரா, ஐடியா எங்கிருந்து வருகிறது' என்றுதான் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் என்னைவிட நல்ல பதில் வைத்திருந்தவர் இந்த அம்மா.

குடும்பத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பா ஆல்ஃப்ரட் குரோபர், கலிஃபோர்னியாவின் பெரிய மானுடவியலாளர். 1911ல் யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் காட்டிலிருந்து பசியோடு வெளியே வந்தபோது, அவரை சான்ஃபிரான்சிஸ்கோ மியூசியத்துக்கு வரவழைத்துத் தங்கவைத்தவர்களில் ஒருவர். அந்த மனிதரிடம் பெயர் கேட்டார்கள். சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் கிடையாது, தன் இனத்தார் ஒருவர்தான் அறிமுகப்படுத்த வேண்டும். இனத்தார்தான் யாரும் உயிரோடு இல்லையே! அதனால் 'இஷி' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். 1916ல் காசநோயில் இறந்து போனார். நிஜப் பெயர் அவரோடு போய்விட்டது.

உர்சுலா பிறந்தது 1929ல். இஷியை அவர் பார்த்ததே இல்லை, அப்பாவும் வீட்டில் அதிகம் பேசவில்லையாம். பின்னாளில் இஷியின் கதையைப் புத்தகமாக எழுதியவர் அம்மா தியோடோரா. 1961ல் வந்து சக்கைப்போடு போட்டது. அம்மாவின் முதல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 62 என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஈஸிசேரில் சாயும் வயசு.

இப்போது எர்த்ஸீக்கு வருகிறேன். அந்தத் தீவுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிஜப் பெயர் உண்டு. அதை வெளியே சொல்லக் கூடாது. தெரிந்தவன் உங்களை ஆட்டிவைக்கலாம். கதாநாயகன் கெட், ஊருக்கு ஸ்பாரோஹாக், அதாவது வல்லூறு மாதிரி ஒரு பறவையின் பெயர். நிஜப் பெயரை உயிருக்கு உயிரான சிநேகிதனுக்குத்தான் சொல்வான். இது நமக்கு வினோதமாகவே படாது. ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொன்ன பாட்டிகளிடம் வளர்ந்தவர்கள் நாம். புருஷன் பெயரைச் சொல்லாமல் ரேஷன் கார்டுக்காரரிடம் சைகையிலேயே சமாளித்த அத்தைகளைப் பார்த்தவர்கள். பேருக்கு ஒரு சக்தி உண்டு என்பது நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. லெ குவினுக்கு அது எங்கிருந்து வந்தது? கீழைத் தத்துவம், பழங்கதைகள் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கு என்னவோ, பேர் சொல்லாமலே செத்துப்போன அந்த மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். நிரூபிக்க முடியாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அந்த நாவல் தொடங்கிய விதம் சுவாரஸ்யம். 1967ல் பார்னஸஸ் என்ற சின்னப் பதிப்பகத்துக்காரர் வந்து, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேண்டும் என்றார். அவர் யோசித்தார். மந்திரவாதி என்றால் ஏன் எப்போதும் வெள்ளைத்தாடிக் கிழவராகவே இருக்கிறார்? அவரும் ஒரு காலத்தில் பதினைந்து வயசுப் பையனாக இருந்திருப்பாரே, அப்போது எப்படிக் கற்றுக்கொண்டார், என்னென்ன தப்புப் பண்ணினார்? அவ்வளவுதான் விதை. உட்கார்ந்து முதலில் கதை எழுதவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்து மேப் வரைந்தார். தீவு தீவாக வரைந்து பேர் வைத்தார். மூன்று குட்டித் தீவுகளுக்குத் தன் மூன்று பிள்ளைகளின் செல்லப் பெயர்களை வைத்தாராம். எந்தத் தீவு என்று மேப்பில் தேடிப் பார்க்கலாம், கண்டுபிடிக்க முடியாது. அது வீட்டுக்குள் இருக்கிற ரகசியம்.

கெட்டின் நிறம் செம்பழுப்பு. அவன் நண்பன் கறுப்பு. வெள்ளைத்தோல்காரர்கள் ஓரத்துத் தீவுகளில் சண்டைக்காரர்களாக வருகிறார்கள். 1968ல் அமெரிக்காவில் சத்தமில்லாமல் இதைச் செய்துவிட்டு, பிறகு அட்டைப்படம் போடுகிறவர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். 2004ல் டி.வி. தொடராக எடுத்தவர்கள் கெட்டை மறுபடி வெள்ளைப் பையனாக்கிவிட்டார்கள். அம்மா காய்ச்சி எடுத்துவிட்டார். (திருநெல்வேலிக் கிராமத்துக் கதாநாயகிக்கு மும்பையிலிருந்து ஆள் பிடிக்கும் நம் சினிமாக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்கலாம். படிக்கமாட்டார்கள்.)

சரி, எத்தனை மணிக்கு எழுதினார்?

1980களில் ஒரு பேட்டியில் தன் தினசரி அட்டவணையைச் சொல்லியிருக்கிறார். காலை 5.30க்கு விழிப்பு, எழுந்திருப்பதில்லை, படுத்தபடி யோசனை. 6.15க்கு எழுந்து டிபன், அதுவும் நிறைய. 7.15லிருந்து மதியம் வரை எழுத்து. பிறகு சாப்பாடு. 1 முதல் 3 வரை படிப்பு, இசை. 3 முதல் 5 வரை கடிதங்களுக்குப் பதில், முடிந்தால் வீட்டைச் சுத்தம் செய்வது. 5 முதல் 8 வரை சமைப்பதும் சாப்பிடுவதும். 8 மணிக்கு மேல் மூளை சுத்தமாக வேலை செய்யாது, அதைப்பற்றிப் பேச வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

இந்த அட்டவணையைப் பலபேர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து வெளியே போன பிறகு, அறுபதை நெருங்கும் ஒரு பெண்ணின் அட்டவணை. கெட்டை எழுதியபோது கதை வேறு. வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள், கடைக்குட்டிக்கு மூன்று நாலு வயசு. எல்லாரையும் தூங்கப் போட்டுவிட்டு ராத்திரியில் எழுதினார். கணவர் சார்ல்ஸ் சரித்திரப் பேராசிரியர். 1953ல் பிரான்ஸுக்குப் படிக்கப் போகும் வழியில் கப்பலில் சந்தித்து, அதே வருஷம் பாரிஸில் கல்யாணம். அவர் கூடமாட வேலையைப் பங்குபோட்டுக் கொண்டதால்தான் எழுத முடிந்தது என்று உர்சுலா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒருத்தரே இரண்டு முழுநேர வேலை பார்க்க முடியாது, இரண்டுபேர் சேர்ந்தால் மூன்றைச் சமாளிக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. 'என் வீட்டுக்காரி எழுதறா ஸார்' என்று பெருமையாகக் கடிதம் போடும் கணவர்களே, அடுப்படிப் பக்கம் எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அந்த ராத்திரி எழுத்துக்கும் முன்னால் பத்து வருஷம் திரும்பி வந்த காலம் ஒன்று உண்டு. 1951க்கும் 1961க்கும் நடுவில் ஐந்து நாவல்கள் எழுதியிருக்கிறார். ஒன்றைக்கூட யாரும் போடவில்லை. 1962ல்தான் காசு கொடுத்து ஒரு பத்திரிகை முதல் கதையை வாங்கியது. முதல் நாவல் 1966ல். அப்புறம் மளமளவென்று எல்லாம் நடந்தது, ஹியூகோ, நெபுலா, நேஷனல் புக் அவார்ட் என்று அலமாரி நிறையப் பரிசுகள். அதை விக்கிபீடியாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு புத்தகம் போட்டார். 'ஸ்டியரிங் தி கிராஃப்ட்', 1998. அதில் அறிவுரை கொஞ்சம், பயிற்சி நிறைய. ஒன்று, ஒரு பக்கம் எழுதுங்கள், ஒரு பெயரடை, ஒரு வினையடை இருக்கக் கூடாது. 'அழகான', 'மெதுவாக', 'திடீரென்று' எல்லாம் அவுட். இன்னொன்று, ஒரு பாராவை நிறுத்தக்குறியே இல்லாமல் எழுதுவது. கமா, புள்ளி எதுவும் கிடையாது. மூன்றாவதுதான் கொடூரம். எழுதி முடித்ததைப் பாதியாக வெட்டுங்கள். கதை கெடக் கூடாது. முதல் பயிற்சியை நான் தமிழில் செய்து பார்த்தேன். 'திடீரென்று' இல்லாமல் நம் சிறுகதைகளில் பாதி நின்றுவிடும் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் உரக்கப் படித்துப் பாருங்கள் என்பது அவருடைய நிரந்தரக் கட்டளை. வாக்கியத்துக்கு ஓர் ஓசை இருக்கிறது, அது காதுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் யாராவது 'தனியா பேசறாரு' என்று கவலைப்பட்டால் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

இனி, நான் சொல்ல வந்த இடம்.

எர்த்ஸீயின் மூன்றாவது புத்தகம் 1972ல் வந்தது. அதில் கெட் தலைமை மந்திரவாதி. உயிருக்கும் சாவுக்கும் நடுவே விழுந்த ஓட்டையை அடைக்கப் போகிறான், அடைத்தும் விடுகிறான். ஆனால் அதில் அவனுடைய சக்தி முழுக்கச் செலவாகிவிடுகிறது. ஒரு சொட்டு மிச்சமில்லை. டிராகன் ஒன்று அவனைச் சுமந்துகொண்டு சொந்தத் தீவுப் பக்கம் பறக்கிறது. அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். வழக்கமான சாகசக் கதை அங்கேதானே முடியும்?

18 வருஷம் கழித்து, 1990ல், நாலாவது புத்தகம் 'தெஹானு' வந்தது. அது அடுத்த நாளைப் பற்றிய கதை. மந்திரம் போன மந்திரவாதி ஊருக்கு வந்த பிறகு என்ன செய்கிறான்? வெட்கப்படுகிறான். ராஜா ஆள் அனுப்புகிறான், பட்டாபிஷேகத்துக்கு வரச் சொல்லி. கெட் ஒளிந்துகொள்கிறான். மலைமேல் போய் ஆடு மேய்க்கிறான். சின்னப் பையனாக அவன் கற்ற முதல் மந்திரமே ஆடுகளைக் கூப்பிடுகிற மந்திரம்தான் என்பது முதல் புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். இப்போது மந்திரம் இல்லாமல் அதே ஆடுகளோடு நடக்கிறான். கூடவே ஒரு நடுவயது விதவை, தீயில் கருகின ஒரு குழந்தை. பாத்திரம் கழுவுகிறார்கள், தோட்டத்தில் களையெடுக்கிறார்கள். வாளும் வித்தையும் எதிர்பார்த்த வாசகர்கள் சிலருக்குக் கோபமான கோபம். ஏன் இப்படிப் பண்ணினீர்கள்? அவருடைய பதில், முதல் மூன்று புத்தகங்களில் தன்னையறியாமல் ஆண்கள் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டோம், அதே உலகத்தை அடுப்படியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது என்பதுதான். அதற்குக் கற்றுக்கொள்ள 18 வருஷம் ஆயிற்று. அட்டையில் 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று போட்டார். 2001ல் இன்னும் இரண்டு எழுதினார். கடைசி என்று ஓர் எழுத்தாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒருநாள் கடைசி வந்தே தீரும். எழுபது வயதுக்கு மேல் லத்தீனைத் தூசி தட்டி எடுத்து, வெர்ஜிலின் 'ஏனீட்' காவியத்தை மூலத்தில் மெதுவாகப் படித்தார். அதில் லவினியா என்று ஓர் அரசகுமாரி, அவளுக்காக ஒரு யுத்தமே நடக்கிறது, அவளோ காவியம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளைப் பேசவைத்து 2008ல் ஒரு நாவல் எழுதினார். அதுதான் அவருடைய கடைசி நாவல். பிறகு வரவில்லை.

'நிறுத்திவிட்டேன்' என்பதற்கும் 'வரவில்லை' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. சிறுகதை எழுதி ஆறு வருஷம் ஆகிறது. 'ஏன் ஸார் நிறுத்திட்டீங்க?' என்று கேட்கிறீர்கள், ஏதோ நான் குழாயை மூடிவிட்டு வந்த மாதிரி. குழாய் திறந்துதான் இருக்கிறது. காலையில் போய் அடியில் குடத்தை வைத்துவிட்டு உட்காருகிறேன். இந்தப் பத்தி வருகிறது. கதை வருவதில்லை. இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், ராஜாவின் ஆட்களைப் பார்த்து ஒளிந்துகொள்கிற கெட்டைப் போல. அவனை எழுதினவள் தன் முறை வந்தபோது ஒளிந்துகொள்ளவில்லை. நாவல் எழுத ஒரு தேக பலம் வேண்டும், அது இனிமேல் என்னிடம் இல்லை என்று கேட்டவர்களிடம் பளிச்சென்று சொன்னார். 'வயசுங்கறது வெறும் நம்பர்தான் மேடம்' வகையறாக்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. எண்பத்து மூன்று வயதுக்காரியிடம் 'உங்களுக்கு வயசே ஆகல' என்று சொல்வது, அவள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை இல்லை என்று சொல்வதுதானே?

நாவல் போன இடத்தில் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. போர்த்துகீசிய எழுத்தாளர் சரமாகோ எண்பத்தைந்து வயதுக்கு மேல் இணையத்தில் குட்டிக் கட்டுரைகள் எழுதியதைப் பார்த்து, அட, இது நமக்கும் ஆகுமே என்று ஆரம்பித்தார். பார்ட் என்று ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை வளர்த்தார், அதன் அட்டகாசங்களை எழுதினார். அரைவேக்காட்டு முட்டையை எப்படி ஒழுங்காகச் சாப்பிடுவது என்று ஒரு முழுக் கட்டுரை இருக்கிறது. முட்டைக் கிண்ணம், ஸ்பூனின் அளவு, ஓட்டைத் தட்டும் விதம் எல்லாம். டிராகனை வர்ணித்த அதே கவனம். நான் முட்டை சாப்பிடுவதில்லை, இருந்தும் இரண்டு தடவை படித்தேன். கவிதைகள் எழுதினார். 2014 நவம்பரில் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் வாழ்நாள் சாதனைக்கு மெடல் கொடுத்தபோது, பதிப்பகப் பெருந்தலைகள் கோட்டும் டையுமாக எதிரே உட்கார்ந்திருக்க, புத்தகம் என்பது சோப்பு மாதிரி விற்கிற சரக்கு இல்லை என்று ஆறே நிமிஷத்தில் வெளுத்து வாங்கினார். எண்பத்தைந்து வயசில் யாருக்குப் பயப்பட வேண்டும்?

1959ல் போர்ட்லண்டுக்கு வந்தவர், மலைச்சரிவில் ஒரே மரவீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். எழுதுகிற அறை ஜன்னலில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை தெரியும். 1980 மே மாதம் அது வெடித்ததை வீட்டிலிருந்தபடியே பார்த்தார். 2018 ஜனவரி 22ல் அந்த நகரத்திலேயே இறந்தார், வயது 88. கடைசிக் கவிதைத் தொகுப்பின் வேலையைச் சாவதற்குச் சற்று முன்னால்தான் முடித்திருந்தார். 2024ல் குடும்பத்தார், எழுத்தாளர்கள் வந்து தங்கி எழுதுவதற்காக அந்த வீட்டை போர்ட்லண்டின் லிட்டரரி ஆர்ட்ஸ் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் ஆரம்பியுங்கள், ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும். பேத்தி பேரன் பத்து வயசு தாண்டியிருந்தால் ராத்திரி ஓர் அத்தியாயம் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். மூன்றாவது முடிந்ததும் அவர்களைத் தூங்கவிட்டு, 'தெஹானு'வை மட்டும் நீங்கள் தனியாகப் படியுங்கள். 'ஃபயர்லைட்' என்று ஒரு சிறுகதை இருக்கிறது, அவர் இறந்த பிறகு 2018 கோடையில் 'பாரிஸ் ரெவ்யூ'வில் வந்தது. கிழவனாகிவிட்ட கெட், அடுப்பு வெளிச்சம் தெரிகிற கட்டிலில் படுத்திருக்கிறான், மனைவி நடமாடுகிற சத்தம் கேட்கிறது, அவன் மனசு பழைய படகைத் தேடிப் போகிறது. சில பக்கங்கள்தான். அதை எல்லாவற்றையும் முடித்த பிறகு கையில் எடுங்கள், முன்னால் வேண்டாம்.